ஐந்து பிரவுசர்களும் ஒரு பக்கமும்

"எந்த பிரவுசர் உசத்தி, டீச்சர்? இன்னைக்காவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

சற்குணம் இதைக் கேட்பது நான்காவது முறை. நான்கு புதன்கிழமை, நான்கு முறை.

ஆவுடைச்செல்வி வாயைத் திறக்கவில்லை. பிரிண்டருக்குள் சிக்கிய தாளை மெல்ல உருவிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அவளுக்கு முப்பத்து நான்கு. ஆனாலும் அவர்தான் சீடர், அவள்தான் டீச்சர். இதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சென்னையில் எட்டு வருடம், பிரவுசரில் குற்றம் கண்டுபிடிப்பதையே உத்தியோகமாகச் செய்தவள் அவள். ஒவ்வொரு பதிப்பையும் வெளியே விடும் முன்பே உரித்துப் பார்த்தவள். ஒருநாள் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரே மூன்று கம்ப்யூட்டரோடு ஒரு பிரவுசிங் சென்டர் போட்டாள். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கும் இதே மௌனம்தான்.

சற்குணம் யூடியூபில் பிரவுசர்களை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்பவர். பதினெட்டாயிரம் பேர் அவர் சொல்லைக் கேட்டு பிரவுசரை மாற்றுகிறார்கள். போன மாதம் ஒரு புதிய பதிப்பை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். மறுநாளே ஒருத்தன், "அண்ணாச்சி அளந்ததே தப்பு" என்று வீடியோ போட்டு மானத்தை வாங்கிவிட்டான். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அடுத்த தீர்ப்பு. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"புதுசா வந்திருக்கிற பதிப்பு நாப்பது சதவீதம் வேகம்ங்கான். நெசமா டீச்சர்? இல்ல, ஐகானை மட்டும் மாத்திட்டு நம்மள ஏமாத்துதானா?"

"எதை வச்சு அளக்கீங்க அண்ணாச்சி?"

நான்கு வாரத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி. சற்குணத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"நம்ம ஆஸ்பத்திரிப் பக்கம்தான் டீச்சர்! ஆள் அடையாளம் தெரியாதவங்க பட்டியல். இருநூத்திப் பன்னெண்டு போட்டோ. ஒண்ணைக்கூடச் சுருக்காம அப்படியே ஏத்தி வச்சிருக்காங்க. இதைவிடக் கனமான பக்கம் இந்த ஜில்லாவுலயே கெடையாது. இதைத் தூக்கிட்டான்னா அவன்தான் பிரவுசர்."

"எத்தனை தடவை தெறந்திருப்பீங்க?"

"இந்த மாசம் மட்டும் முந்நூறுக்குக் கொறையாது. ஒவ்வொண்ணுலயும் பன்னெண்டு தடவை தெறந்து சராசரி எடுக்கணும்லா?"

"அதுல என்ன போட்டிருக்கு?"

"எதுல?"

"அந்தப் பக்கத்துல."

சற்குணம் சிரித்தார். கேள்வியில் ஏதோ பொடி இருக்கிறது என்று தெரிந்தது. என்ன பொடி என்று பிடிபடவில்லை.

"ஏழு புள்ளி நாலு செகண்ட் போட்டிருக்கு" என்றார்.

அவள் தாளை வெளியே எடுத்து, பிரிண்டரை மூடினாள்.

வாசலில் யாரோ நிற்பதை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள்.

நாற்பதை நெருங்கும் ஒரு பெண். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் ஒரு போட்டோ. ஓடி வந்திருக்கிறாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"ஆஸ்பத்திரியில இங்க போகச் சொன்னாவ" என்றாள். "எங்க வீட்டுக்காரவிய ஒம்பது நாளாக் காங்கல."

பெயர் பேச்சித்தாய். கணவன் கொம்பையா. தேங்காய் உரிக்க மலையாளத்துப் பக்கம் போகிறவர். போனால் பத்து நாள் போன் வராது, அதனால் இவள் தேடவில்லை. இன்று காலையில் கூட்டாளிகள் திரும்பி வந்து, "கொம்பையா எங்ககூட வரவே இல்லையே" என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் ஒருத்தரை லாரி தட்டிவிட்டது என்று டீக்கடையில் யாரோ சொல்ல, அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி.

"உள்ள விட மாட்டேங்காவ. ஆறு வார்டு இருக்காம். கம்ப்யூட்டர்ல ஆளைப் பாத்து, ஆளோட நம்பரை எழுதிட்டு வந்தாத்தான் கதவைத் தெறப்பாவளாம்."

"அது அப்படித்தான்" என்றாள் ஆவுடைச்செல்வி. "நம்பர் இல்லாம ஈ எறும்புகூட உள்ள போக முடியாது."

"இன்னைக்கு நாலு மணிக்கு வேன் போகுதாம். கேக்க ஆள் இல்லாதவியளை ஏத்திட்டுப் போறாவளாம்."

கடிகாரத்தில் மூன்று மணி.

"எங்க போகுது வேன்?" என்றார் சற்குணம்.

ஆவுடைச்செல்வி சொன்னாள். ஆறு மணி நேரத் தூரத்தில் ஒரு காப்பகம். அங்கிருந்து வேறு வேறு காப்பகத்துக்குப் பிரித்து அனுப்புவார்கள். யாரை எங்கே அனுப்பினார்கள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. போன வருடம் ஒரு குடும்பம் அலையாய் அலைந்தது. ஏழு மாதத்துக்கு அப்புறம்தான் ஆள் கிடைத்தார்.

பேச்சித்தாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஏம்மா பயப்படுதே" என்றார் சற்குணம். "இது என் கைக்குள்ள கெடக்க பக்கம். ஒரு நிமிஷ வேலை."

முதல் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். பேச்சித்தாய் அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

இங்கேதான் மனிதர் ஒரு காரியம் செய்தார். வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஐந்து பிரவுசர் இருந்தது. அவரே ஏற்றி வைத்தது. ஐந்தையும் ஒன்றாகத் திறந்தார். ஐந்திலும் அதே முகவரியைப் போட்டார். எது முதலில் திறக்கிறதோ அதில் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டார். போதாததற்கு வலது கை போனை எடுத்து ஓடும் கடிகாரத்தை அழுத்திவிட்டது. பழகின கை.

ஆவுடைச்செல்வி அந்தக் கையைப் பார்த்தாள்.

ஐந்து வட்டங்கள் சுற்றின. ஒன்றில் பாதி முகம் வந்தது. இன்னொன்றில் ஒரு காது வந்தது. பிறகு எல்லாம் நின்றுவிட்டது. மவுஸை இழுத்தார், அம்புக்குறி அசையவில்லை. விசைகளைத் தட்டினார், மேசையைத் தட்டினார்.

மூன்று பத்து.

"அண்ணாச்சி, அவிய இருக்காவளா?"

"தெறக்கட்டும்மா."

"நீங்க தெனமும் பாக்குற பக்கம்னு சொல்லிட்டு இருந்தீயளே. வாசல்ல நிக்கும்போது என் காதுல விழுந்துச்சு." பேச்சித்தாய் பையிலிருந்து போட்டோவை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்த மொகம் அதுல இருக்கான்னு உங்களுக்கே தெரியும்லா?"

சற்குணம் போட்டோவைப் பார்த்தார். கல்யாணத்தில் எடுத்தது. எண்ணெய் வழியும் தலை, சிரிக்கப் பயந்த வாய்.

யோசித்துப் பார்த்தார். முந்நூறு தடவை. ஒரு முகமாவது நினைவுக்கு வரவேண்டுமே! மூக்கு, மீசை, எதுவும் வரவில்லை. பக்கம் திறக்கும்போது இடமிருந்து வலமாக ஓடும் ஒரு பச்சைக் கோடு வந்தது. அவ்வளவுதான்.

"சரியா... ஞாபகம் இல்லம்மா."

பேச்சித்தாய் போட்டோவைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

பட்டென்று சுவிட்சை அணைத்துப் போட்டார். திரை கறுத்து, வெளுத்து, ஒரு வரி வந்தது. புதிய பதிப்பு ஏற்றப்படுகிறது. தயவுசெய்து அணைக்க வேண்டாம். நான்கு சதவீதம்.

"ஐயோ" என்றார் சற்குணம்.

இரண்டாவது கம்ப்யூட்டரில் ஒரு பெண் வேலைக்கான பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். மணி ஓடும் பரீட்சை, நடுவில் எழுப்ப முடியாது. தன் போனைத் தட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்தின் பழைய எழுத்துரு போனில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. மூன்று பதினைந்து.

ஆவுடைச்செல்வி தன் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"இதுல உக்காருங்க."

அது அவளுடைய சொந்தக் கம்ப்யூட்டர். அதை யாருக்கும் கொடுத்ததில்லை. அவர் உட்காருவதற்குள் அவள் குனிந்து எதையோ திறந்து, எங்கேயோ போய், ஒரு கட்டத்திலிருந்த டிக் அடையாளத்தை எடுத்துவிட்டாள்.

"என்ன செஞ்சீங்க?"

"போட்டோவை நிறுத்திட்டேன்."

"போட்டோ இல்லாம ஆளை எப்படி டீச்சர் கண்டுபிடிக்க? கூறு இருக்கா உங்களுக்கு?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. அவள் கோபப்படவில்லை.

"லாரி தட்டின மொகம் அண்ணாச்சி. கட்டுப் போட்டிருக்கும். ஒம்பது நாள் தாடி இருக்கும். கல்யாணப் போட்டோவை வச்சு என்ன பாக்கப் போறீங்க?"

பக்கம் வந்துவிட்டது. படம் இருந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டம். கட்டத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் நாலைந்து வரி. ஆஸ்பத்திரி குமாஸ்தா யாரோ உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் அடித்து வைத்த வரி. இப்படி வரிகள் இருப்பதே சற்குணத்துக்கு இப்போதுதான் தெரியும்.

"எம்மா, அவர் உடம்புல என்ன அடையாளம்?" என்றாள் ஆவுடைச்செல்வி.

"நல்லாச் சிரிப்பாவ."

"உடம்புல தாயி. தழும்பு, மச்சம்."

பேச்சித்தாய் கண்ணை மூடினாள். "அரைஞாண்ல பெட்டிச் சாவி கெடக்கும். பொம்பளப் புள்ளை நகை இருக்க பெட்டி. என்கிட்டகூடக் குடுக்க மாட்டாவ."

சற்குணம் தேடும் பெட்டியில் சாவி என்று அடித்தார். பூஜ்யம். கயிறு என்று அடித்தார். பூஜ்யம்.

"அதான் பழைய எழுத்துருவாச்சே. தேடினாச் சிக்காது. படிக்கணும்" என்றாள் ஆவுடைச்செல்வி.

"கடைசியில இருந்து படிச்சா? புது ஆளுங்க கடைசியிலதானே இருப்பாங்க?"

"ஒரு ஆள் போனா அந்த நம்பரை அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க. எங்க வேணும்னாலும் இருப்பாரு. முதல்ல இருந்து படிங்க. வாய்விட்டுப் படிங்க, அவங்களுக்கு எழுத்துத் தெரியாது."

"நீங்க எங்க போறீங்க?"

"வேனை மறிக்க."

போய்விட்டாள்.

சற்குணம் படிக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு. ஆண். வயது சுமார் அறுபது. இடுப்பில் நீலக் கட்டம் போட்ட சாரம். வலது கண் தெரியாது. ரெண்டு. பெண்..."

"அதைத் தாண்டுங்க."

"மூணு. ஆண். வயது சுமார் இருபத்தஞ்சு. தன் பேர் ராசா என்கிறார். ஊர் கேட்டால் அழுகிறார். நாலு. ஆண். சுமார் எழுபது. இரண்டு காலும்..."

"மெல்லப் படிங்க அண்ணாச்சி. எனக்குப் புரிய மாட்டேங்கு."

நின்றார். அவர் படித்த வேகம் அவருக்கே கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

முப்பது. நாற்பத்தொன்று. ஒருவருக்குக் கையில் ஒரு பெண்ணின் பெயர் பச்சை குத்தியிருந்தது. ஒருவர் சட்டைப் பையில் முறுக்குப் பொட்டலம் இருந்தது. ஒருவர் எதைக் கேட்டாலும் பஸ் நம்பரைச் சொன்னார். குமாஸ்தா அந்த நம்பரையும் அடித்து வைத்திருந்தார்.

போன் அடித்தது. ஐந்து மணி வீடியோவுக்கு ஆள் கூப்பிடுகிறான். சற்குணம் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

எண்பத்தெட்டு. மூன்று இருபத்தெட்டு.

"இடுப்பில் கருப்புக் கயிறு" என்று ஒன்றில் வந்தபோது பேச்சித்தாய் அவர் நாற்காலியைப் பிடித்தாள். "தாயத்து ஒன்று" என்று முடிந்தது.

"அவிய இல்ல" என்றாள். "பாவம், யாரு பெத்த புள்ளையோ."

நூற்று இருபது. குரல் கம்மிவிட்டது. எச்சிலை விழுங்கிக்கொண்டு படித்தார். பேச்சித்தாய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, தெரியாத எழுத்தைத் தெரிந்தவள் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே, எதிர்வாடையில், ஆஸ்பத்திரி பின்கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. மூன்று நாற்பத்திரண்டு.

"நூத்தி அறுபத்தி ரெண்டு. பெண். நூத்தி அறுபத்தி மூணு. ஆண். வயது சுமார் நாப்பத்தஞ்சு. தலையில் காயம், பேச்சு இல்லை. இடுப்புக் கயிற்றில் சிறு சாவி. கழற்ற விட மறுக்கிறார்."

சற்குணம் திரும்பினார். பேச்சித்தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

"இதான்" என்றாள் கைக்குள்ளேயே. "அவியதான்."

கீழே இன்னொரு வரி இருந்தது. சேர்த்த தேதி ஏழு.

எட்டாம் தேதி காலையில் மட்டும் சற்குணம் இந்தப் பக்கத்தை அறுபது முறை திறந்திருந்தார். ஒன்பதாம் தேதி நாற்பது முறை.

அந்தக் கணக்கை நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது. ஆனால் நிற்க நேரமில்லை. கைக்குக் கிடைத்த தாளில் எண்ணை எழுதினார். "வாம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஐம்பத்தொரு வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. செருப்பு ஒன்று ரோட்டின் நடுவில் நின்றுவிட்டது. ஆட்டோக்காரன் ஒருத்தன் கெட்ட வார்த்தை சொன்னான்.

பின்கேட்டில் வேன் உறுமிக்கொண்டு நின்றது. அதன் முன்னால் ஆவுடைச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். டிரைவர் ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டிருந்தார்.

"நேரமாவுது, தள்ளும்மா! போலீசைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. அவங்க வரதுக்குள்ள மணி நாலரை ஆயிரும்."

"நம்பர் இருக்கா? நம்பர் இல்லாம இங்க ஒண்ணும் பேச முடியாது."

"நூத்தி அறுபத்தி மூணு!" சற்குணத்தின் குரல் கிழிந்து வந்தது. "நூத்தி அறுபத்தி மூணு, அய்யா!"

டிரைவர் பட்டியலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். இறங்கி வந்து, வேனின் பின்கதவைத் திறந்தார்.

உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஜன்னலோரம் ஒருவர். தலையைச் சுற்றிக் கட்டு, முகத்தில் பாதி வீக்கம். கல்யாணப் போட்டோவுக்கும் அந்த முகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யார் வந்தது என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கை மட்டும் இடுப்பை இறுகப் பொத்தியிருந்தது.

பேச்சித்தாய் ஏறினாள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து, பொத்தியிருந்த கையின் மேல் தன் கையை வைத்தாள்.

கை முதலில் உதறியது. பிறகு உதறுவதை நிறுத்தியது. பிறகு விரல் ஒவ்வொன்றாக விட்டது.

சாவி அவள் கையில் இருந்தது. அந்த மனிதர் அவளைப் பார்த்து அழ ஆரம்பித்தார்.

ஆவுடைச்செல்வி ஆஸ்பத்திரியிலேயே இருந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம் போட வைத்து, கொம்பையாவை வார்டில் மறுபடி படுக்க வைத்துவிட்டுத் திரும்பியபோது மணி ஐந்தேகால்.

முதல் கம்ப்யூட்டரில் புதிய பதிப்பு ஏறி முடிந்து, பளபளவென்று ஒரு வணக்கம் மின்னிக்கொண்டிருந்தது. பரீட்சை எழுதிய பெண் போய்விட்டாள். சற்குணம் ஒரு காலில் செருப்பு இல்லாமல் அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கவிழ்த்து வைத்த போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு வந்திருந்தது.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக.

"சரி அண்ணாச்சி. நாலு வாரமாக் கேக்கீங்க. எட்டு வருஷம் அதைத்தான் பாத்தேன், எனக்குத் தெரியும். எந்த பிரவுசர் உசத்தின்னு சொல்லட்டுமா?"

"கொஞ்சம் இருங்க டீச்சர்" என்றார் சற்குணம், திரும்பாமல். "இன்னும் நாப்பத்தொம்பது பேர் இருக்காங்க."

விரலைத் திரையில் வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படித்தார்.

"நூத்தி அறுபத்தி நாலு. பெண். வயது சுமார் முப்பது."